மோட்டார் சைக்கிள் கிளட்ச் தட்டுகளை வீட்டிலேயே மாற்றுதல்

மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருந்து, வேண்டும்போது இரண்டையும் இணைத்தும் வேண்டாதபோது பிரித்தும் வைக்கும் உறுப்பே கிளட்ச் ஆகும். இதனுள் உள்ள உராய்வுத் தட்டுகள், பிரேக் கட்டையைப் போலவே பயன்பாட்டில் தேயக்கூடியவை. பேச்சு வழக்கில் இவை கிளட்ச் பிளேட் எனப்படுகின்றன. தேய்ந்த தட்டுகளை மாற்றுவது கடினமான வேலை அன்று. எஞ்சினை வண்டியிலிருந்து இறக்கத் தேவையில்லை. ஓரளவு கருவிகளும் அரை நாள் பொறுமையும் இருந்தால் பெரும்பாலான வண்டிகளில் வீட்டு முற்றத்திலேயே செய்து முடிக்கலாம். ஆனால் தட்டு உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா, தேய்ந்தது எதனால் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை காணாமல் தட்டை மட்டும் மாற்றினால், செலவு செய்தும் பழைய கோளாறே விரைவில் திரும்பி வரும்.

இக்கட்டுரை, எஞ்சின் எண்ணெயில் நனைந்தபடி இயங்கும் பல தட்டுக் கிளட்சைப் பற்றியது. இந்தியச் சாலைகளில் ஓடும் கியர் உள்ள மோட்டார் சைக்கிள்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. கியர் இல்லாத ஸ்கூட்டர்களின் அமைப்பு வேறு.

கிளட்ச் இயங்கும் விதம்

கிராங்க் ஷாஃப்டினால் சுழற்றப்படும் கிண்ணம் போன்ற வெளிப்பகுதி ஹவுசிங் எனப்படும். அதன் உள்ளே, கியர் பெட்டியின் தண்டோடு இணைந்த சென்டர் என்னும் பகுதி இருக்கும். உராய்வுத் தட்டுகளின் வெளி விளிம்பில் உள்ள காதுகள் ஹவுசிங்கின் பள்ளங்களில் பொருந்தும். எஃகுத் தட்டுகளின் உள்விளிம்பில் உள்ள பற்கள் சென்டரில் பொருந்தும். இவ்விரு வகைத் தட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பிரஷர் பிளேட் என்னும் அழுத்தத் தகடும் ஸ்பிரிங்குகளும் சேர்ந்து இந்த அடுக்கை இறுக்கிப் பிடிக்கின்றன. அந்தப் பிடியால் ஹவுசிங்கின் சுழற்சி சென்டருக்குப் போய்ச் சேருகிறது. கைப்பிடியில் உள்ள லீவரை இழுக்கும்போது ஸ்பிரிங்குகளின் அழுத்தம் விலகித் தட்டுகள் தளர்கின்றன. எஞ்சின் சுழன்றாலும் கியர் பெட்டிக்கு விசை செல்லாது.

தேய்மானம் ஏன் வழுக்கலாக மாறுகிறது என்பதைச் சிறிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு கிளட்சில் 5 உராய்வுத் தட்டுகள் இருப்பதாகவும், ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. தேய்ந்துவிட்டதாகவும் கொள்வோம். மொத்த அடுக்கின் உயரம் 1.5 மி.மீ. குறைந்துவிடும். அந்த அளவுக்கு ஸ்பிரிங்குகள் நீண்டு கொடுக்கும். நீண்ட ஸ்பிரிங் முன்போல் அழுத்தாது. ஆகவே தட்டின் மேல் இன்னும் உராய்வுப் பொருள் மீதம் இருந்தாலும் பிடி தளர்ந்துவிடும்.

இதில் மற்றொரு விளைவும் உண்டு. தட்டுகள் தேயத் தேய பிரஷர் பிளேட் தன் இடத்திலிருந்து சற்று நகர்கிறது. அதனால் பெரும்பாலான வண்டிகளில் லீவரில் இருக்க வேண்டிய தளர்வு மெல்ல மெல்லக் குறைகிறது. மெக்கானிக்குகள் 'பிளே' என்று சொல்வது இந்தத் தளர்வைத்தான். தளர்வு முற்றிலும் இல்லாமல் போனால், லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்சைச் சிறிது இழுத்துக்கொண்டே இருக்கும். பிடி மேலும் தளர்ந்து, தட்டு வழுக்கி, சூடேறி, இன்னும் வேகமாகத் தேயும். கவனிக்காமல் விட்டால் சில வாரங்களிலேயே தட்டு கருகிவிடக்கூடும்.

தேய்மானத்தின் அறிகுறிகள்

ஆக்சிலரேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் உயர்கிறது; ஆனால் வண்டியின் வேகம் அதற்கேற்பக் கூடவில்லை. இதுவே முதன்மையான அறிகுறி. டாப் கியரில் மேடு ஏறும்போதும், பின்னால் ஆள் அமர்ந்திருக்கும்போதும் இது தெளிவாகத் தெரியும். பிக்கப் குறைதல், மைலேஜ் குறைதல், நீண்ட ஏற்றத்துக்குப் பின் கருகிய வாடை, எண்ணெய் வழக்கத்தைவிட விரைவில் கறுத்துப்போதல் ஆகியவையும் உடன் வரலாம். லாரி அல்லது பேருந்தை முந்திச் செல்லும் நேரத்தில் கிளட்ச் வழுக்கினால், எதிரே வரும் வண்டிக்கு முன் விலக வேண்டிய வேகம் கிடைக்காது. ஆகவே இதை மைலேஜ் பிரச்சினையாக மட்டும் எண்ணித் தள்ளிப்போடக் கூடாது.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. லீவரை முழுதும் இழுத்த பின்னும் வண்டி முன்னோக்கி ஊர்வது, நியூட்ரல் விழாமல் சிரமம் தருவது, முதல் கியர் போடும்போது பெரிய சத்தத்துடன் குதிப்பது ஆகியவை கிளட்ச் சரியாகப் பிரியவில்லை என்பதைக் காட்டும். கேபிள் நீண்டு தளர்வு மிகுந்திருப்பது, எஃகுத் தட்டு வளைந்திருப்பது, ஹவுசிங்கின் பள்ளங்களில் வடு விழுந்திருப்பது ஆகியவை இதன் காரணங்கள். புதிய உராய்வுத் தட்டு மட்டும் போட்டால் இக்கோளாறு தீராது.

திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் பார்க்க வேண்டியது லீவரின் தளர்வு. கேபிள் உள்ள வண்டிகளில் லீவரின் நுனி, விசை தொடங்குவதற்கு முன் சுமார் 10 முதல் 20 மி.மீ. வரை எளிதாக அசைய வேண்டும். வண்டியின் கையேட்டில் வேறு அளவு தரப்பட்டிருந்தால் அதையே கொள்ள வேண்டும். தளர்வு இல்லையென்றால் லீவர் அருகிலோ எஞ்சின் அருகிலோ உள்ள அட்ஜஸ்டரைத் திருகிச் சரிசெய்து, வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். வழுக்கல் நின்றுவிட்டால் தட்டுகள் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன எனலாம். ஸ்பேனர் ஒன்றால் தீர வேண்டிய கோளாறுக்காகத் தட்டு மாற்றப்படுவது இந்த இடத்தில்தான் நிகழ்கிறது.

இரண்டாவது, எண்ணெய். கார்களுக்கான எண்ணெய் சிலவற்றில் எரிபொருளைச் சேமிப்பதற்காக உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். எண்ணெயில் நனைந்த கிளட்சுக்கு அவை ஆகா. மோட்டார் சைக்கிளுக்கான எண்ணெய்க் குப்பியில் ஜாசோ எம்ஏ அல்லது ஜாசோ எம்ஏ2 என்ற தரக்குறி இருக்க வேண்டும். ஜாசோ என்பது ஜப்பானிய வாகனத் தர அமைப்பைக் குறிக்கும். எம்பி என்ற குறி உள்ள எண்ணெயில் உராய்வு குறைவு. அது கியர் இல்லாத ஸ்கூட்டர்களுக்கு ஏற்றது. எண்ணெய் மாற்றிய சில நாட்களில் வழுக்கல் தொடங்கியிருந்தால் முதலில் குப்பியின் குறியைப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது, கேபிள். அதன் நூல்கள் பிரிந்திருந்தாலோ உறைக்குள் சிக்கி மெதுவாகத் திரும்பினாலோ லீவரை விட்ட பின்னும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது.

இம்மூன்றும் சரியாக இருந்தும் வழுக்கல் நீடித்தால் எஞ்சின் உறையைத் திறக்கலாம்.

இருவகை அமைப்புகள்

வீட்டில் செய்யத் தகுந்த வேலையா என்பதைக் கிளட்சின் அமைப்பே முடிவு செய்கிறது. முதல் வகையில் பிரஷர் பிளேட் வெளிப்பக்கம் இருக்கும். ஸ்பிரிங் போல்ட்டுகளைக் கழற்றி அதை எடுத்தவுடன் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுக்கலாம். சிறப்புக் கருவி எதுவும் வேண்டாம்.

இரண்டாம் வகையில் பிரஷர் பிளேட் உள்பக்கம், தட்டுகளுக்குப் பின்னால் இருக்கும். ஸ்பிரிங்குகளை எடுத்த பின் சென்டரையும் கழற்றினால்தான் தட்டுகள் வரும். சென்டரை ஒரு லாக் வளையமோ நான்கு பள்ளமுள்ள வட்ட நட்டோ பிடித்திருக்கும். சிறிய எஞ்சின் கொண்ட வண்டிகள் பலவற்றில் இவ்வமைப்பே காணப்படுகிறது. லாக் வளையத்தைக் கழற்ற அதற்கான பிளையர் போதும். பள்ளமுள்ள நட்டுக்கு அதற்கென்றே செய்யப்பட்ட சாக்கெட் வேண்டும். உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவது வழக்கத்தில் இருந்தாலும், நட்டின் பள்ளம் சிதையவும் உலோகத் துணுக்கு எஞ்சினுள் விழவும் அது இடம்தரும். சாக்கெட் கிடைக்காவிட்டால் வேலையைப் பட்டறைக்குக் கொடுப்பதே மேல்.

உத்தரவாதக் காலத்தில் உள்ள வண்டிகளையும், வண்டியின் கையேடு கிடைக்காத நிலையில் ஸ்லிப்பர் வகைக் கிளட்ச் கொண்ட வண்டிகளையும் வீட்டில் திறக்காமல் இருப்பது நலம்.

தேவையான பொருள்கள்

8, 10, 12, 14, 17 எண் ஸ்பேனர்களும் டி ஸ்பேனர்களும், ஸ்குரூ டிரைவர், லாக் பிளையர், வெர்னியர் அளவி, ஃபில்லர் கேஜ், எண்ணெய் பிடிக்கும் அகலமான பாத்திரம், புனல், பஞ்சு உதிராத பழைய துணி, மண்ணெண்ணெய் ஆகியவை வேண்டும். டார்க் ரெஞ்ச் இருந்தால் மிக நல்லது.

உராய்வுத் தட்டுகளை முழுத் தொகுதியாகவே வாங்க வேண்டும். அவற்றோடு ஸ்பிரிங்குகள், எஞ்சின் பக்க உறைக்கான கேஸ்கெட், புதிய எண்ணெய் ஆகியவற்றையும் வாங்கிவைக்க வேண்டும். பழைய கேஸ்கெட் கழற்றும்போது பெரும்பாலும் கிழிந்துவிடும். அது இல்லாமல் வேலையைத் தொடங்கினால் வண்டி பாதியில் நிற்கும்.

புதிய உராய்வுத் தட்டுகளை, எஞ்சினில் ஊற்றப்போகும் அதே எண்ணெயில் முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். உலர்ந்த தட்டைப் பொருத்தினால் எண்ணெய் வந்து சேர்வதற்கு முன் நிகழும் உராய்வில் அதன் மேற்பரப்பு கருகக்கூடும்.

கழற்றும் முறை

1. எஞ்சின் ஆறிய பின், சமதளத்தில் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, அடியிலுள்ள போல்ட்டைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். அது வடியும் நேரத்தில் எஞ்சினின் வெளிப்புற மண்ணையும் அழுக்கையும் துடைத்துவிட வேண்டும். உறையைத் திறந்த பின் விழும் மணல் எஞ்சினுக்குள்தான் போகும்.

2. பெரும்பாலான இந்திய வண்டிகளில் கிளட்ச் வலப்பக்கம் உள்ளது. கிக் லீவர், கால் வைக்கும் கம்பி, பிரேக் மிதி ஆகியவற்றில் மறைக்கும் பாகங்களைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் சைலன்சரையும் தளர்த்த வேண்டியிருக்கும். ராயல் என்ஃபீல்டு புல்லட்டின் பழைய மாடல்களில் கிளட்ச் இடப்பக்கம் இருக்கும்.

3. கேபிளைத் தளர்த்தி விடுவித்த பின், பக்க உறையின் போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். இவை ஒரே நீளத்தில் இரா. ஓர் அட்டையில் உறையின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுப் போல்ட்டுகளைக் குத்திவைத்தால் இடம் மாறாது. நீள போல்ட்டைக் குட்டைத் துளையில் முறுக்கினால் அலுமினிய உறை வெடித்துவிடும்.

4. உறையை ரப்பர் அல்லது மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும். இடுக்கில் ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் பரப்பில் வடு விழுந்து, பின்னர் எண்ணெய் கசியும். இடம் காட்டும் சிறு குழாய் ஊசிகள் கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

5. ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒன்றை முழுதும் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எதிரெதிராக ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்த வேண்டும். இரண்டாம் வகை அமைப்பானால் அடுத்து லாக் வளையத்தை அல்லது நட்டைக் கழற்ற வேண்டும். டாப் கியரில் போட்டு ஒருவர் பின்சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொண்டால் சென்டர் சுழலாது.

6. தட்டுகளை வெளியே எடுக்கும் வரிசையிலேயே ஒரு செய்தித்தாளின் மேல் அடுக்கிவைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது திரும்பப் பொருத்தும்போது உதவும். சில வண்டிகளில் ஒரு தட்டு மட்டும் மற்றவற்றைவிடக் குறுகலாக இருக்கும். அதனுடன் மெல்லிய ஸ்பிரிங் வளையமும் இருக்கும். அவை எந்த இடத்தில், எந்தப் பக்கம் நோக்கி இருந்தன என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

அளந்து பார்த்தல்

உராய்வுத் தட்டின் தடிமனை வெர்னியரால் மூன்று நான்கு இடங்களில் அளக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றில் புதிய தட்டு ஏறத்தாழ 3 மி.மீ. தடிமன் இருக்கும், 2.6 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்ற வேண்டும் என்று கையேடுகள் கூறுவது வழக்கம். ஒரு தட்டு எல்லைக்குக் கீழே போயிருந்தாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். தடிமன் போதுமானதாக இருந்தும் மேற்பரப்பு கருகிப் பளபளப்பேறியிருந்தால் அதுவும் பயன்படாது. உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் போடுவது தவறு. பழைய வண்டிகளின் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால் அந்தத் தூசியைச் சுவாசிப்பதும் தீங்கு.

எஃகுத் தட்டைத் தடித்த கண்ணாடித் தட்டின் மேல் வைத்து, ஓரங்களில் ஃபில்லர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.20 மி.மீ. தகடு நுழைந்தால் பல வண்டிகளில் அது வளைந்த தட்டாகவே கொள்ளப்படும். நீலம் பாய்ந்த நிறம், அது மிகையாகச் சூடேறியதைக் காட்டும். இத்தகைய எஃகுத் தட்டுகளோடு புதிய உராய்வுத் தட்டுகளைச் சேர்த்தால் புதியவையும் விரைவில் கெடும்.

ஸ்பிரிங்குகளைப் புதியவற்றின் அருகில் நிறுத்திப் பார்த்தாலே உயர வேறுபாடு தெரியும். இவை குறுகிப்போனால் அழுத்தம் குறையும். தட்டுகளை மாற்றும்போது ஸ்பிரிங்குகளையும் சேர்த்து மாற்றுவதே முறை.

ஹவுசிங்கின் விரல்களை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். இலேசான வடுவை நேர்த்தியான அரத்தால் சமப்படுத்தலாம். தூள் உள்ளே விழாதபடி துணியை அடைத்துக்கொள்ள வேண்டும். ஆழமான பள்ளம் விழுந்திருந்தால் தட்டுகள் அதில் சிக்கி நிற்கும். ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். தள்ளு கம்பியின் முனையையும், அழுத்தும் இடத்தில் உள்ள பேரிங்கையும் பார்த்துக்கொள்வது நல்லது.

உறை திறந்திருக்கும் இந்த வேளையில், அதன் பின்னால் எண்ணெய் வலை இருந்தால் எடுத்து மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தலாம். அதில் உலோகத் துணுக்குகள் தென்பட்டால் கோளாறு கிளட்சோடு நிற்கவில்லை என்று பொருள்.

பொருத்தும் முறை

பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தை இரு பரப்புகளிலிருந்தும் கீறல் விழாமல் சுரண்டி எடுக்க வேண்டும். பின்னர் ஊறிய உராய்வுத் தட்டில் தொடங்கி, எஃகுத் தட்டு, உராய்வுத் தட்டு என மாறி மாறி அடுக்கி, உராய்வுத் தட்டிலேயே முடிக்க வேண்டும். ஹோண்டா வண்டிகள் சிலவற்றில் வெளிப்பக்கத்துக் கடைசி உராய்வுத் தட்டின் காதுகள் மற்றவற்றுக்கு அடுத்த ஆழம் குறைந்த பள்ளத்தில் பொருந்தும். முன்னர் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பிரஷர் பிளேட்டின் பற்கள் சென்டரில் சரியாக அமர்ந்திருக்கின்றனவா என்பதைப் போல்ட் போடுவதற்கு முன்பே கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பல்லின் மேல் பல் ஏறி நிற்கும் நிலையில் போல்ட்டை முறுக்கினால் பிரஷர் பிளேட் உடையும். உடையாவிட்டாலும் கிளட்ச் பிடிக்காது.

ஸ்பிரிங் போல்ட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றுகளில் சமமாக இறுக்க வேண்டும். இவை பெரும்பாலும் 6 மி.மீ. போல்ட்டுகள். சுமார் 10 நியூட்டன் மீட்டர் அளவே இவற்றுக்குப் போதும். வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கும். இவற்றின் மரை அலுமினியத்தில் வெட்டப்பட்டிருப்பதால், கைப்பலம் முழுவதையும் காட்டினால் மரை பிய்ந்துவிடும் அல்லது போல்ட் முறிந்துவிடும். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் சிறிய டி ஸ்பேனரால், போல்ட் முழுதாக அமர்ந்த பின் அளவாக இறுக்கி நிறுத்த வேண்டும்.

புதிய கேஸ்கெட்டையும் இடங்காட்டும் ஊசிகளையும் வைத்து உறையை மூட வேண்டும். உறை சுலபமாக அமராவிட்டால் போல்ட்டால் இழுத்து அமர்த்த முயலாமல், எந்தப் பாகம் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்னர் கழற்றிய பாகங்களை மாட்டி, வடிகால் போல்ட்டை இறுக்கி, கையேடு கூறும் அளவு எண்ணெய் ஊற்ற வேண்டும்.

சரிபார்த்தல்

தட்டுகளின் மொத்த உயரம் மாறியிருப்பதால் பழைய கேபிள் அமைப்பு இனிப் பொருந்தாது. லீவரின் தளர்வை மீண்டும் 10 முதல் 20 மி.மீ. அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். பின்னர் நடு ஸ்டாண்டில் எஞ்சினை இயக்கிச் சில நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். லீவரை இழுத்து முதல் கியர் போட்டால் எண்ணெயின் பிசுபிசுப்பால் பின்சக்கரம் மெல்லச் சுழலலாம். பிரேக்கை இலேசாகத் தொட்டவுடன் நின்றுவிட்டால் கிளட்ச் நன்றாகப் பிரிகிறது எனலாம். சுழலும் சக்கரத்தின் அருகே கையோ துணியோ போகக் கூடாது.

அதன்பின் போக்குவரத்து குறைந்த சாலையில் மெதுவாக ஓட்டி, ஒரு மேட்டில் டாப் கியரில் விசையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் சத்தமும் வேகமும் ஒன்றாக உயர வேண்டும். புதிய தட்டுகள் படிந்து அமரும்வரை, முதல் சில நாட்கள் பாரம் ஏற்றாமலும் வேகமாகக் கிளப்பாமலும் இருப்பது நல்லது. பிறகு ஒருமுறை தளர்வை மறுபடியும் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுக்கலாம்.

மீண்டும் விரைவில் தேயாதிருக்க

கிளட்ச் தட்டின் ஆயுளைப் பெரும்பாலும் ஓட்டுபவரின் இடக்கையே தீர்மானிக்கிறது. நெரிசலில் ஹாஃப் கிளட்சில் ஊர்ந்துகொண்டே இருப்பது, ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் கிளட்சால் வண்டியை நிறுத்தி வைப்பது, ஓடும்போது லீவரின் மேல் விரல்களைச் சுமத்தி வைப்பது, அதிக பாரத்துடன் உயர்ந்த கியரில் கிளம்புவது ஆகிய பழக்கங்கள் தட்டை விரைவில் தேய்க்கும். சிக்னலில் நீண்ட நேரம் நிற்க நேர்ந்தால் நியூட்ரலுக்கு மாற்றி லீவரை விட்டுவிடலாம்.

மாதம் ஒருமுறை லீவரின் தளர்வைப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். தளர்வு அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் தட்டு தேய்ந்துவருகிறது என்பதை வழுக்கல் தொடங்குவதற்கு முன்பே அறியலாம். தட்டு மாற்றிய நாள், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டர், பழைய தட்டின் தடிமன், ஊற்றிய எண்ணெயின் தரக்குறி ஆகியவற்றை வண்டியின் கையேட்டிலேயே எழுதிவைத்தால், அடுத்த முறை கிளட்ச் வழுக்கும்போது தட்டு தன் ஆயுளை முடித்துக்கொண்டதா, வேறு காரணம் உண்டா என்பதை உறையைத் திறக்கும் முன்பே கணிக்கலாம்.